ஆளில்லாத இலை

நத்தமேட்டை விட்டுப் பசி கிளம்பிப் போன அன்றைக்குச் சந்தனமாரி மெஸ்ஸில் மொச்சையும் நெத்திலிக் கருவாடும் போட்ட குழம்பு. அன்றைக்கென்று பார்த்து அது வாய்த்தும் இருந்தது. அடுப்படியிலிருந்து கிளம்பிய வாசம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, பேரூராட்சி ஆபீஸ் படியேறி, நூல் மில் கேட்டு வரைக்கும் போய், வாங்க வாங்க என்று ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுப் பார்த்து, ஒருத்தரும் ஏனென்று கேட்காததால் திரும்பி வந்து கொல்லைப்புறத்தில் படுத்துக்கொண்டது. சந்தனமாரி கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். தெருவில் ஆட்கள் இல்லாமல் இல்லை. டீக்கடை பெஞ்சில், வேப்ப மரத்தடியில், ஆட்டோவுக்குள், எல்லாரும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு, கல்யாணப் பந்தியில் இருந்து எழுந்து வந்தவர்கள் மாதிரி வயிற்றைத் தடவிக்கொண்டு ஏப்பம் விட்டுக்கொண்டு இருந்தார்கள்.

"என்னண்ணே, மணி ஒண்ணாச்சே, சாப்பிட வரலையா?" என்று ஆட்டோக்காரரிடம் கேட்டாள்.

"இப்பத்தான தங்கச்சி சாப்பிட்டேன், அதுவும் ஒன் கையாலதான்," என்று அவர் போனைத் திருப்பிக் காட்டினார். "கோழிக் குழம்பு சும்மா அள்ளிட்டுப் போகுது."

போனுக்குள்ளே அவளே நின்றாள். அவளே குனிந்து, அவள் குரலிலேயே, "போதுமா?" என்று கேட்டாள். ஆட்டோக்காரர் இன்னொரு ஏப்பம் விட்டார்.

இதை முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும். சந்தனமாரிக்கு உலகத்தில் பிடித்த சொல் ஒன்றே ஒன்று, அது போதும் என்கிற சொல். சோற்றைப் போட்டுவிட்டு அவள் நகரமாட்டாள், இலைக்கு முன்னால் நின்று போதுமா என்று கேட்பாள், சாப்பிடுகிற ஆள் வாயைத் திறந்து போதும் என்று சொல்கிற வரைக்கும் அடுத்த இலைக்குக் கால் எடுத்து வைக்கமாட்டாள். லாரி டிரைவர்கள் இலைக்குக் குறுக்கே கையை மறித்துச் சொல்வார்கள், தாலுகா ஆபீஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு சாமிக்குச் சொல்வதுபோலச் சொல்வார், சின்னப் பிள்ளைகள் அழுதுகொண்டே சொல்லும். எப்படிச் சொன்னாலும் சரி, காதில் விழுந்ததும் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

எல்லாரையும்விடக் கடைசியில் சொல்கிறவள் பேச்சி. நூல் மில்லில் வேலை, புருஷன் கேரளாவுக்குப் போனவன் போனவன்தான், மெஸ்ஸுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தாள். மத்தியானம் மில்லில் இருந்து விறுவிறு என்று வந்து, சுவரோரக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தால் பந்திக்கே தனிக் களை வந்துவிடும். நாலு தடவை சோறு வாங்குவாள். பொம்பளைக்கு இம்புட்டுச் சோறா என்று பக்கத்து இலைக்காரன் வாயைப் பிளந்தால், "ஒங்க வீட்டு அரிசியா வேகுது? எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே அறுந்த நூலை முடிஞ்சு பாரும், பொறவு பேசும்," என்பாள். சந்தனமாரி அவளுக்கென்று அடிச்சட்டிக் குழம்பை ஒதுக்கி வைத்திருப்பாள். நாலாவது முறை முடிந்ததும் பேச்சி நாற்காலியில் சாய்ந்து, "போதும்க்கா, இனி ஒரு பருக்கை விழுந்தாலும் வெடிச்சிருவேன்," என்பாள். அந்த ஒரு போதும் மற்றவர்களுடைய பத்துக்குச் சமம்.

இப்படி இருந்த மெஸ்ஸுக்குத்தான் நாலுவழிச் சாலை வந்து வேட்டு வைத்தது. லாரிகளெல்லாம் ஊருக்குள் வராமல் புறவழியிலேயே பறந்தன. அங்கே ஒரு ஏசி ஓட்டல் முளைத்தது, அந்த ஓட்டலின் பரோட்டா போனுக்குப் போன் பறந்தது, போனில் பார்த்தவர்களெல்லாம் மதுரையிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்தார்கள். இங்கே சந்தனமாரியின் புருஷன் வெயில்முத்து கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டினான். அவன் வெறும் ஆளல்ல, ஆசை பிடித்த ஆள். எங்கெங்கோ விசாரித்து, ஓட்டல்களுக்குப் போனில் விளம்பரம் செய்து கொடுக்கிற ரீகன் என்கிற பையனை மதுரையில் இருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

ரீகன் கெட்டவன் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் சாப்பாட்டை அவன் கண்ணால் மட்டும்தான் பார்ப்பான். குழம்பு மினுங்கவில்லை என்று மேலே பச்சை எண்ணெயை ஊற்றச் சொன்னான், சந்தனமாரி கரண்டியை ஓங்கினாள். அடுத்து, ஊர் ஊராய்ச் சாப்பிட்டுக் காட்டுகிற ஒரு தாடிக்காரனை அழைத்துவந்தான். அவன் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோவதற்கு முந்தியே கண்ணைச் சொருகித் தலையை ஆட்டினான். "நாக்குல படுறதுக்கு முன்னாடியே தலை ஆடுதே, இவனுக்கு என்ன சாமியா வந்திருக்கு?" என்று சந்தனமாரி சத்தமாகவே கேட்டுவிட்டாள். அந்த வீடியோவை யாரும் சீந்தவில்லை.

"அக்கா, மனுசன் விரலு மூணு செகண்டுக்கு மேல நிக்காது. அதுக்குள்ள அவனைப் பிடிச்சு உக்கார வைக்கணும்," என்று ரீகன் தலையைச் சொறிந்தான். அப்புறம் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. நாற்காலியில் ஆளை உட்கார வைக்காமல், ஆள் உட்கார்கிற இடத்தில் போனை நிறுத்தினான். முன்னால் தலைவாழை இலை. "போனைப் பார்க்கிற ஒவ்வொருத்தனும் தான்தான் இலைக்கு முன்னாடி உக்காந்திருக்கோம்னு நினைக்கணும். நீங்க எப்பவும்போலப் பரிமாறுங்க."

சந்தனமாரி அசையவில்லை. "ஆளில்லாத இலைக்குச் சோறு போடக்கூடாதுப்பா. அது செத்தவங்களுக்குப் போடுறது."

"ஏ கழுதை, இது விளம்பரம்டி," என்று கல்லாவில் இருந்து கத்தினான் வெயில்முத்து. "படையலும் கிடையாது, பண்ணாடையும் கிடையாது. போடு."

போட்டாள். கடை மூடிவிடுமோ என்கிற பயம் அவளுக்கும் இருந்ததே, என்ன செய்ய? இலையில் தண்ணீர் தெளித்து, பொரியல் வைத்து, சோற்றைக் குவித்து, குழி பறித்துக் கோழிக் குழம்பை ஊற்றினாள். அதோடு நகர்ந்திருக்கலாம். ஆனால் பழகிய கால் நகருமா? காலி நாற்காலியில் இருந்த போனைப் பார்த்துக் குனிந்து, கரண்டியை நீட்டி, வாய் நிறையப் பிரியத்தோடு, "போதுமா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்றாள். யார் சொல்வது? ரீகன் பதிலுக்கு நின்ற நேரத்தை வெட்டி எறிந்துவிட்டு, கேள்வியோடு நிறுத்தி, அன்றைக்கே அனுப்பிவிட்டான்.

அதைப் பார்த்தவர்களுக்கெல்லாம் வயிறு நிறைந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. காலையில் பார்த்தால் மறுநாள் காலை வரைக்கும் பசி கிடையாது, அடுத்த நாள் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டியது. நத்தமேட்டுக்காரர்கள் இதற்கு ஆச்சரியப்பட்டார்கள் என்றா நினைக்கிறீர்கள்? தண்ணீர் லாரி ஒருநாள் நேரத்துக்கு வந்தால் ஆச்சரியப்படுவார்களே, அந்த அளவுகூட இல்லை. போனில் பணம் போகிறது, போனில் பெண் பார்க்கிறோம், போனில் சாவு வீட்டுக்கு அழுகிறோம், சோறு வருவதற்கு என்ன என்றார்கள். காலை வணக்கம் அனுப்புகிறவர்கள் ரோஜாப் பூவை விட்டுவிட்டுச் சந்தனமாரியை அனுப்பினார்கள். அம்மாக்கள் பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் எதையும் வைக்காமல் வாசலிலேயே ஒரு தடவை காட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். கிரைண்டர் பரணுக்குப் போனது, காஸ் சிலிண்டர் வருகிறவர்கள் உட்கார முக்காலியானது. கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் பதில் பெரிய திரை கட்டினார்கள், ஜனங்கள் வரிசையாய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு, மொய் எழுதினார்கள். ரேஷன் அரிசியை வாங்கி என்ன செய்வதென்று தெரியாமல் கோழிகளுக்கு இறைத்தார்கள். அந்த வருஷம் நத்தமேட்டில் கொழுத்தது கோழிகள் மட்டும்தான்.

நூல் மில் மானேஜர்தான் இதை முழுசாய்ப் புரிந்துகொண்ட ஆள். கேன்டீனை இடித்துக் குடோனாக்கினார். மத்தியான இடைவேளையை எடுத்தார். மிஷின்களுக்கு மேலே சுவர் அகலத்துக்கு ஒரு டிவியை மாட்டினார். சங்கு ஊதியதும் சந்தனமாரி வீட்டுக் கதவு உயரத்துக்கு வந்து நின்று போதுமா என்பாள், அண்ணாந்து பார்த்த கண் கீழே இறங்குவதற்குள் மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும், நூல் முடிகிற கை ஒரு நொடிகூட நிற்காது.

ஒரே ஒருத்திக்கு மட்டும் அந்த வீடியோ பலிக்கவில்லை, அது சந்தனமாரிக்கு. போட்டவளுக்கு எப்படி நிறையும்? ஊரிலேயே பசிக்கிற ஒரே வயிறு அவளுடையதாக ஆகிப்போனது. வெயில்முத்துகூடக் காலையில் பல் விளக்கியதும் போனில் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான், அடுப்படியில் அவள் ஒற்றை ஆளுக்கு உலை வைத்தாள். பேரூராட்சியில் 'பசியில்லாப் பேரூராட்சி' என்று ஊர் எல்லையில் வளைவு கட்டி, அவளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் வயிறு கடமுடா என்று சத்தம் போட்டது. மைக் பக்கத்திலேயே இருந்தது. கூட்டம் மொத்தமும், யாரோ சபையில் செய்யக்கூடாததைச் செய்துவிட்ட மாதிரி, முகத்தைச் சுளித்துக்கொண்டு அவளைப் பார்த்தது.

ஏசி ஓட்டல்காரன் ஒழிந்தான் என்று நினைத்தால், அவனா ஒழிவான்? ரீகனைத் தூக்கிக்கொண்டு போனான். ரீகன் அங்கே போய்ப் பசிக்கு விளம்பரம் செய்தான். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு ராத்திரியும் ஒரு பகலும் நல்ல மெத்தையில் படுக்கப்போட்டு, பசியை வரவழைத்து, அப்புறம் பந்தி. சென்னையில் இருந்தெல்லாம் பசிக்க வந்தார்கள், பசித்த வயிற்றோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மானேஜரும் டாக்டரும் தலைவரும் வீட்டில் மணி பார்த்து, பசி இருக்கோ இல்லையோ, முட்டையும் பழமும் தின்றார்கள், உடம்புக்கு வேண்டுமில்லையா? காசு உள்ளவனைச் சாப்பிட வைக்க டாக்டர் இருக்கிறார், கடிகாரம் இருக்கிறது. பேச்சி மாதிரி ஆளை இலைக்கு முன்னால் பிடித்து உட்கார வைத்தது பசி ஒன்றுதான். அதுவும் போன பிறகு அவளைக் கேட்க நாதியில்லை.

பேச்சிக்கு முதலில் குஷிதான். "சோத்துச் செலவு மிச்சம்க்கா. தையல் மிஷின் ஒண்ணு வாங்கிட்டா மில்லுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துருவேன்," என்றாள். மிஷின் வந்தும்விட்டது. ஆனால் ஜாக்கெட் தோள்பட்டையில் நிற்காமல் வழிந்தது, வளையல் முழங்கைக்கு ஏறியது, அறைக்குள் போகிற மூன்று படியை அவள் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். சந்தனமாரி இலையை விரித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"வா பேச்சி, ஒரு வாய் தின்னுட்டுப் போ."

"பசிக்கலையேக்கா. இங்க பாருங்க, கும்முனு இருக்கு வயிறு," என்று ஒட்டிப்போன வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

அன்றைக்குத்தான் சந்தனமாரிக்கு எல்லாம் விளங்கியது. புருஷன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "ஆளில்லாத இலைக்குப் போடக்கூடாதுன்னு சொன்னேனே, கேட்டியா? படையல்ல என்ன நடக்கும்? செத்தவங்க பார்த்தே பசியாறிட்டுப் போவாங்க, சோறு அப்படியே இருக்கும். உசுரோட இருக்கிற ஊரையே நான் அப்படி உக்கார வச்சிட்டேன்யா!"

வெயில்முத்து சட்டையை விடுவித்துக்கொண்டு, "உலகமே ஒன்னைக் கொண்டாடுது, ஒனக்குப் பொறுக்கலை," என்றான்.

ரீகனுக்குப் போன் போட்டு, அந்தச் சனியனை எடுத்துத் தொலை என்றாள். "நான் எடுத்துட்டேன்க்கா, நம்ம பக்கத்துல அது இல்லவே இல்ல. ஆனா ஊரே எறக்கி வச்சிருக்கே. இனி அது உங்க வீடியோ இல்லக்கா." சரி, வா, நான் வேற சொல்றேன், அதை வீடியோ எடு என்று கூப்பிட்டாள். பழைய பாசத்துக்கு வந்தான். சந்தனமாரி இலையும் இல்லாமல் கரண்டியும் இல்லாமல் போனுக்கு முன்னால் நின்று, "எழவெடுத்தவங்களா, இதைப் பார்க்காதீங்கடா, எந்திரிச்சுப் போய் ஒரு வாய் சோத்தைத் தின்னுங்கடா, செத்துப் போயிருவீங்கடா," என்று கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள். அதைப் போட்டான். மூணு செகண்டுக்கு மேல் யாரும் நிற்கவில்லை. மில் கேட்டுக்குப் போய் மறித்துப் பார்த்தாள், வாட்ச்மேன் அடையாளம் கண்டு எழுந்து நின்று, "ஒங்க கையாலதாம்மா தினமும் சாப்பிடுறேன்," என்று கும்பிட்டு, கேட்டைச் சாத்தினான்.

ஒருநாள் சங்கு ஊதி, அண்ணாந்து பார்த்த பேச்சி அப்படியே மிஷின் மேலே சாய்ந்துவிட்டாள். பெரியாஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றினார்கள். பக்கத்துப் படுக்கைகளிலும் நத்தமேட்டுக்காரர்கள்தான், எல்லாருக்கும் எலும்பும் தோலும், எல்லார் முகத்திலும் விருந்து சாப்பிட்ட திருப்தி. சந்தனமாரி தூக்குச் சட்டியில் ரசம் சோற்றைக் குழையப் பிசைந்து எடுத்துக்கொண்டு போனாள். அடிச்சட்டிக் குழம்பும் ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தாள். பேச்சியின் தலையை மடியில் தாங்கி, பால் குடிக்கிற பிள்ளைக்கு ஊட்டுவதுபோல் விரல் நுனியில் எடுத்து உதட்டில் வைத்தாள். உதடு திறக்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சிரித்த முகமாக, பேச்சி சொன்னாள்.

"போதும்க்கா."

ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. ஆயுசெல்லாம் எந்தச் சொல்லுக்காகக் கால் கடுக்க நின்றாளோ, அந்தச் சொல் சந்தனமாரியின் மடியிலேயே வந்து விழுந்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள். விடிவதற்குள் பேச்சி போய்விட்டாள்.

பேச்சிக்கு என்று யாரும் வரவில்லை. பதினாறாம் நாள் சந்தனமாரியே மெஸ்ஸைக் கழுவிவிட்டு, சுவரோரக் கடைசி நாற்காலிக்கு முன்னால் இலை போட்டாள். விளக்கேற்றினாள். மொச்சையும் கருவாடும் போட்ட குழம்பு, சோறு, பொரியல், எல்லாம் பரிமாறினாள். தெருவில் நாலு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள், வெயில்முத்து கல்லாவில் குனிந்து போன் பார்த்தான். பரிமாறி முடித்ததும் பழகிய கால் நகரவில்லை. குனிந்தாள். "போதுமா பேச்சி?" என்றாள்.

சோறு குறைந்தது.

முதலில் ஓரம் சரிந்தது, அப்புறம் நடுவில் குழி விழுந்தது, அப்புறம் விறுவிறு என்று, மில்லுக்கு நேரமாகிவிட்ட வேகத்தில், இலை துடைத்து வைத்ததுபோல் காலியானது. சந்தனமாரி பயப்படவில்லை. ஓடிப்போய்ச் சட்டியை எடுத்துவந்து இரண்டாவது முறை போட்டாள். அதுவும் போனது. மூன்றாவதும் போனது. நாலாவது முறை போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாற்காலி சாய்கிற சத்தத்துக்கும் அந்த ஒரு சொல்லுக்கும் காத்து நின்றாள். இலை காலியானதே தவிர, சொல் வரவில்லை. அன்றைக்கு வடித்த சோறு மொத்தத்தையும் பேச்சி தின்றாள், போதும் என்று சொல்லவில்லை.

மறுநாளும் இலை போட்டாள், மறுநாளும் தின்றாள். அப்புறம் அந்த வருஷம் ஊரில் செத்துப் போனவர்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். ஆட்டோக்காரர் வந்தார். மில் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். உயிரோடு இருந்தபோது தொலைந்த பசி செத்த பிறகு மொத்தமாகச் சேர்ந்து வந்திருந்தது. இலை போடப்போட நாற்காலிகள் தாமாக இழுபட்டன, மெஸ் நிறைந்தது, நாலுவழிச் சாலை வருவதற்கு முந்திகூட அப்படி நிறைந்ததில்லை. உயிரோடு இருக்கிறவர்கள் வாசலில் நின்று, "அந்தம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு," என்று பேசிக்கொண்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு போனார்கள். "இவங்கள்ட்ட காசு யாருடி வாங்குறது?" என்று கேட்ட வெயில்முத்துவைத் தள்ளிவிட்டு அவள் அடுத்த உலைக்கு அரிசி களையப் போனாள்.

செய்தி கேட்டு ரீகன் வந்தான். வரிசையாக ஆளில்லாத இலைகள், வரிசையாகக் குறைகிற சோறு. அவன் போனைத் தூக்கினான். "அக்கா, இது போதும்க்கா," என்றான் வாய் பிளந்து. "இது ஒண்ணு போதும், உலகத்தையே தூக்கிரலாம்."

அந்த மெஸ்ஸில் எத்தனையோ நாளைக்கு அப்புறம் போதும் என்று சொன்ன ஒரே ஆள் அவன்தான். சந்தனமாரி கொதிக்கிற குழம்பு வாளியில் கரண்டியை முக்கி எடுத்து அவன் போன் மேலே ஊற்றினாள். அவன் கையை உதறிக்கொண்டு ஓடினான். அவளுக்கும் பசி காதை அடைத்தது, அதைப் பார்க்க நேரமில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரோர இலைக்குப் போய்க் குனிந்தாள்.

"போதுமா பேச்சி?"

இலை காலியாக இருந்தது. சந்தனமாரி சோறெடுக்க உள்ளே போனாள்.